இடப்பக்கத்து உறுமல்

மாலை நாலே கால். நவம்பர் மாதம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பக்கம் வடிகால். மறு பக்கம் அறுவடை முடிந்த வயல், ஆலையில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு விளைகிறது. நடுவில் ஒரு டிராக்டர் மட்டும் போகிற அகலத்தில் மண் பாதை. விளக்குக் கம்பம் கிடையாது. வீடு கிடையாது. பாதை முடிகிற இடத்தில் ஒரு மரக் கேட். அதற்கு அந்தப் பக்கம் நீளவயல் என்கிற வயல்.

அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக நடந்து வந்தாள். கையில் மண்ணுக்குள் உலோகம் தேடுகிற மெட்டல் டிடெக்டர். தோளில் சின்ன மண்வாரி...

ட்ரெவர், அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள். சாரல் அடிக்கிறது. எல்லோரும் ஹீட்டர் பக்கமாக நகர்ந்து கொள்ளுங்கள். இந்தக் கொட்டகையில் இதற்கு மேல் சூடு வராது.

காலையிலிருந்து ட்ரெவர் புலம்பிக்கொண்டிருந்தார் இல்லையா? புது டிடெக்டர் மெஷின், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இரும்பு இருப்பதாக உறுமுகிறது, தோண்டினால் ஒன்றும் இல்லை என்று. நாம் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அப்புறம்தான், எந்தப் பக்கம் உறுமுகிறது என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். என் நண்பன் க்ளைவுக்கு அண்ணி, அந்தப் பெண். பெயர் ஹேசல்.

ஹேசலுக்கு அறுபதை ஒட்டிய வயது. காலையில் முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கணவர் லென். பக்கவாதம் வந்து கீழ் அறையில் கட்டிலோடு கிடந்தார். பேச்சு போய்விட்டது. வலது கையின் ஒரு விரல் மட்டும் அசையும். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தினமும் நாலு மணிக்கு க்ளைவின் மனைவி பெரில் வந்து லென் பக்கத்தில் உட்காருவாள். ஆறு மணி வரை. ஹேசல் கொஞ்சம் தூங்கட்டும் என்பதற்காக.

ஹேசல் தூங்கவில்லை. வயலுக்குப் போனாள்.

காரணம் ஒரு மோதிரம்.

லென் வாலிபத்தில், நீளவயல் இருந்த பண்ணையில்தான் வேலை பார்த்தார். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து ஒரு நாள், விரலில் மோதிரம் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். "குளிர்ல விரல் சுருங்கிப்போச்சு. நீளவயல்ல எங்கயோ நழுவி விழுந்துடுச்சு" என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் பண்ணையின் பொட்டலம் கட்டும் கூடத்தில் ஒரு சிவப்புத் தலைமுடிக்காரி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊர் என்னென்னவோ பேசியது. ஹேசல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே தலை நரைத்துவிட்டது. இப்போது கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

மோதிரம் வயலில் கிடைத்துவிட்டால் அவர் சொன்னது உண்மை. அவர் போவதற்குள் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

முதல் வாரம் கிடைத்ததெல்லாம் பீர் டப்பாவின் மூடி வளையங்கள், சாக்லெட் சுற்றிய அலுமினியத் தாள், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி. உருப்படியாக ஒன்றே ஒன்று, ஒரு பழைய பித்தளைப் பொத்தான். வயலின் அந்தக் கோடியில் நிற்கிற ஓக் மரத்தடியில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை க்ளைவ் போய்ப் பார்த்தான். க்ளைவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. இந்தத் தொழிலில் முப்பது வருடம் ஊறியவன். கேட்டில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவன், வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"ஹேசல்! நீ என்ன புல்லா அறுக்குற?"

"சீக்கிரம் முடிக்கணும்ல. ரெண்டு மணி நேரந்தான் கிடைக்குது."

"பாத்திரமா தேய்க்கிற, முடிக்கறதுக்கு? மெதுவா வீசு. நுனியில இருக்குற தட்டு மண்ணை ஒட்டியே போகணும். ரெண்டு முனையிலயும் மேல தூக்காத. போன வீச்சு மேல பாதி ஏறுற மாதிரி அடுத்த வீச்சு. நடுவுல இடம் விட்டேன்னு வை, மோதிரம் கரெக்டா அங்கதான் கிடக்கும்."

மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அடப்பாவமே. எல்லாத்தையும் முழுசா திருகி வெச்சிருக்கியே. அதான் இப்படிக் கத்துது. பாதிக்கு இறக்கு. இந்த ஹெட்போனைப் போடு. உன் மோதிரத்தைக் கழட்டிக் கீழ போட்டு சத்தத்தைக் கேளு."

"கழட்டத்தான் வருமா? கணு வீங்கிக் கிடக்கு, பாரு."

க்ளைவ் தன் மோதிரத்தைக் கழற்றி மண்ணில் போட்டான். அவள் தட்டை அதன் மேல் மெதுவாகக் கொண்டுபோனாள். மெத்தென்று... உருண்டையாக... ஒரு சத்தம்.

"கேட்டியா? இரும்பு உறுமும். தங்கம் கூப்பிடும். இன்னொண்ணு, இரும்புச் சத்தத்தை அடக்குறதுக்கு இங்க ஒரு பொத்தான் இருக்கு. புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் அமுக்குவாங்க. நீ அமுக்காத. இரும்பு வாயை அடைச்சா, பக்கத்துல கிடக்குற தங்கமும் சேர்ந்து வாயை மூடிக்கும்."

"சரி. ஆனா இது ரெண்டு பக்கமும் விடாம உறுமுதே? வலப்பக்கம் போனாலும் உறுமுது, இடப்பக்கம் போனாலும் உறுமுது."

க்ளைவ் அவள் காலைப் பார்த்தான். மறுபடியும் சிரிப்பு.

"உன் காலைப் பாரும்மா மொதல்ல!"

அவள் காலில் லென்னின் பழைய வேலை பூட்ஸ். முனையில் இரும்புத் தகடு வைத்தது. மூன்று ஜோடி காலுறை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"வீட்டுல சும்மாதானே கிடக்குது" என்றாள்.

"ஒரு வாரமா உன் காலையே தேடிக்கிட்டு இருந்திருக்க! நாளைக்கு ரப்பர் பூட்ஸைப் போட்டுட்டு வா."

மறுநாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனாள். மெதுவாக வீசினாள். வலப்பக்கம்... அமைதி. இடப்பக்கம்...

ஒரு உறுமல்.

நேற்றுவரை கேட்ட சத்தம் இல்லை அது. பூட்ஸின் தகடு ஒரே வெட்டாக உறுமும். இது கரகரவென்று இருந்தது. சின்னச் சின்ன ஆணிகள் ஒரு கைப்பிடி அளவு ஒன்றாகக் கிடந்தால் எப்படி உறுமுமோ, அப்படி.

தோண்டினாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினாள். களிமண், ஒரு கூழாங்கல், அறுந்த மண்புழு. குழியை மூடிவிட்டு ஓரடி முன்னால் வைத்தாள். வீசினாள். வலப்பக்கம் அமைதி. இடப்பக்கம் உறுமல்.

இன்னோர் அடி. உறுமல்.

நின்றுகொண்டே வீசிப் பார்த்தாள். சத்தம் இல்லை. நடந்தால்தான் உறுமியது.

க்ளைவுக்குப் போன் செய்தாள். "தட்டுக்குப் போற வயர் லூசா இருக்கும்" என்றான். அவனே வந்து தன் தட்டை மாட்டிக் கொடுத்தான். அவன் இருந்தவரை சரியாக இருந்தது. அவன் கார் கிளம்பிப் போனதும்... இடப்பக்கம்.

நீங்களாக இருந்தால் மெஷினை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். நானும்தான். ஆனால் ஹேசலை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து, பத்துக் கட்டில் விரிப்புகளைப் பிழிந்து போட்டு, வீட்டுக்கு வந்து ஒரு ஆளைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு வருகிறவள். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளிடம் அது மிச்சமில்லை.

"வந்தா வா" என்று சொல்லிவிட்டு வீசிக்கொண்டே போனாள்.

அது வந்தது.

ட்ரெவர், காலைப் பார்க்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

இரண்டு மூன்று நாளில் அவள் ஒன்றைக் கவனித்தாள். அது கூடவே வந்துகொண்டிருக்கும்... திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் மெதுவாகத் தட்டை வைத்தால் கணீரென்று ஒரு சத்தம். தோண்டினால் சாமான். முதலில் ஒரு பழைய செப்புப் பென்னி, ராஜா முகம் தேய்ந்தது. அடுத்த நாள் ஒரு இடுப்புவார்க் கொக்கி. அதற்கடுத்து, தைக்கிறவர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி மூடி, முந்நூறு வருடத்துக்கு மேல் பழசு. பிறகு ஒரு பட்டாளத்துத் தொப்பிச் சின்னம்.

க்ளைவின் டிடெக்டர் கிளப்பில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். "நேத்து மெஷின் பிடிச்சவளுக்கு வெள்ளியா?" என்று கேட்டார்கள். க்ளைவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொல்லிக் குடுத்தது, மெதுவா வீசச் சொன்னது நான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு நாள் அவள் தோண்டிய இடங்களைப் பார்க்க வந்தான். மூடிய குழிகளில் புது மண் தனியாகத் தெரிந்தது. அவற்றை வரிசையாகப் பார்த்தவன் சிரிப்பதை நிறுத்தினான். ஓக் மரத்தடியிலிருந்து கேட் வரை, நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோடு.

"தொலைஞ்ச சாமான் இப்படிக் கிடக்காதே" என்றான். "உக்காந்து ரொட்டி தின்ன இடத்துல கிடக்கும். வண்டி குலுங்கின இடத்துல கிடக்கும். அங்கொண்ணு இங்கொண்ணுன்னு சிதறிக் கிடக்கும். இதென்னமோ... ஒவ்வொருத்தரா வந்து வெச்சிட்டுப் போன மாதிரி இருக்கு."

"மோதிரமும் இந்தக் கோட்டுலதான் கிடக்கும். லென் வீட்டுக்கு வர்ற வழிதானே இது" என்றாள் ஹேசல். அவளுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

க்ளைவ் அந்த வெள்ளி மூடியை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டான். அவ்வளவு பழைய வெள்ளி கிடைத்தால் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும், நமக்குத் தெரியாத சட்டமா? அருங்காட்சியகத்து அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்தான். அவர் மேசையில் ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடந்ததாம். பார்த்துத் திருப்பித் தர மாதக் கணக்கில் ஆகும் என்றார்.

மிச்சத்தை ஹேசல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, வயலின் சொந்தக்காரர் நெவிலிடம் கொண்டுபோனாள். கிடைத்ததில் பாதி நிலத்துக்காரருக்கு. அதுதானே வழக்கம்? இரண்டு பென்ஸ் கிடைத்தாலும் ஒரு பென்ஸ் கேட்கிற ஆள் நெவில். டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்கு வேணாம்மா. நீயே வெச்சுக்கோ."

"உங்க பங்கு நெவில். எடுத்துக்கோங்க."

"அந்தக் கோட்டுல கிடைச்சதா?"

"ஆமா."

"வேணாம்னேன்ல?" என்றார். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவுக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பட்டப்பகலில்.

அன்று சாயங்காலம்...

காற்றே இல்லை. தூரத்துச் சர்க்கரை ஆலையின் புகை வயல் மேல் படிந்து கிடந்தது. தீய்ந்த பாகின் வாசனை. வடிகாலில் ஒரு நீர்க்கோழி ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. ஹேசல் ஓக் மரத்தடியிலிருந்து கிளம்பினாள். வீச்சு. அடி. உறுமல். வீச்சு. அடி. உறுமல்.

கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது.

தட்டை வைத்தாள். மெத்தென்று... உருண்டையாக...

கூப்பிட்டது.

முழங்காலிட்டாள். மண்வாரியைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினாள். மஞ்சளாக ஒரு விளிம்பு தெரிந்தது. எச்சில் தொட்டுத் துடைத்து, மெஷினின் சின்ன விளக்கில் பிடித்துப் பார்த்தாள். உள்பக்கத்தில் எழுத்துகள். ஹேசலின் முதல் எழுத்தும் லென்னின் முதல் எழுத்தும்.

அவள் அழவில்லை. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நெஜமாத்தான் சொல்லியிருக்க" என்றாள். இத்தனை வருடம் முதுகில் தூக்கித் திரிந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது என்று பின்னால் பெரிலிடம் சொல்லியிருக்கிறாள். அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியதாம்.

குழியை மூடினாள். எழுந்தாள். கேட்டைத் திறந்து, மறுபடி சாத்தி, கொக்கி மாட்டிவிட்டுப் பாதையில் நடந்தாள். மெஷினை அணைக்க மறந்துவிட்டது. களைத்த கையில் அது தரையோடு ஆடிக்கொண்டே வந்தது.

இத்தனை நாளும் அந்த உறுமல் கேட்டோடு நின்றுவிடும். ஒருநாள்கூடக் கேட்டைத் தாண்டியதில்லை.

பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஹெட்போனுக்குள்... இடப்பக்கம்... கரகரவென்று... அவள் அடி வைக்க வைக்க...

திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினை அணைத்தாள். அணைத்துவிட்டால் கேட்காது, அவ்வளவுதானே. வராது என்று அர்த்தமில்லை.

வீட்டில் பெரில் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். "என்ன ஹேசல், பேயறைஞ்ச மாதிரி இருக்க? தூங்குன்னா கேக்கறியா நீ" என்று திட்டிவிட்டுப் போனாள்.

ஹேசல் லென் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் உள்ளங்கையில் மோதிரத்தை வைத்து விரல்களை மூடினாள்.

"பாரு லென். கிடைச்சிடுச்சு. நீ சொன்ன எடத்துலயே."

லென் குனிய முடியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பாதிதான் அசையும். அந்தப் பாதி மாறியது. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தாள். அசைகிற அந்த ஒரு விரல் விரிந்தது. மோதிரம் கையிலிருந்து நழுவி விரிப்பில் விழுந்தது. விரல் கட்டில் கம்பியைத் தேடியது.

டக். டக்.

"என்ன இல்ல? இது நம்ம மோதிரம் இல்லையா?"

டக். ஆமாம், அதுதான்.

"நழுவி விழுந்துச்சுன்னு சொன்னியே, அதானே?"

டக். டக்.

ஹேசல் விரிப்பில் கிடந்த மோதிரத்தை எடுத்தாள். பிறகு, முப்பது வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அப்ப குடுத்தியா? யாருக்காவது?"

டக்.

"அந்தச் செவப்புத் தலைக்காரிக்கா?"

டக். டக். உடனே. சிறிதும் யோசிக்காமல்.

"வயல்ல வெச்சா குடுத்த?"

டக்.

"நீயாவா குடுத்த? இல்ல... கேட்டாங்களா?"

விரல் அசையவில்லை.  பிறகு ஒரு தட்டு தட்டியது. அவள் எதற்கு அது பதில் என்று புரியாமல் பார்த்தாள். இரண்டுக்கும் சேர்த்தா?

"கூட நடந்து வந்துச்சா?" என்றாள் மெதுவாக. "குடுத்ததும் போயிடுச்சா?"

டக்.

அப்போதுதான் அவளுக்கு அந்த நேர்கோடு புரிந்தது. பொத்தான். பென்னி. கொக்கி. தொப்பிச் சின்னம். இருட்டுகிற நேரத்தில் அந்த வயலைத் தனியாகக் கடந்த ஒவ்வொருவரும், கையில் இருந்ததைக் கொடுத்து அதை நிறுத்திவிட்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். யாரும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? லென்னிடம் அன்றைக்கு வேறு எதுவும் இல்லை. மோதிரம் இருந்தது.

இவள் போய் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது இவளுக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு.

லென்னின் கண் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தது. இடப்பக்கம்.

ஹேசல் எழுந்தாள். வாசல் ஓரம் வைத்திருந்த மெஷினை எடுத்து வந்தாள். கட்டில் இரும்பு, அதனால் தள்ளி வந்து நடு அறையில் நின்றாள். ஓடு பதித்த தரை. மெஷினை முடுக்கி, ஹெட்போனை மாட்டி, வலப்பக்கம் வீசினாள். அமைதி. ஓரடி வைத்து இடப்பக்கம் வீசினாள்.

கரகரவென்று ஒரு உறுமல்.

அவள் கத்தவில்லை. மெஷினை அணைத்தாள். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து அந்த இடத்தில் போட்டாள்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி உக்காரு. நாளைக்கு எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சிடறேன். அவரை மட்டும் தொந்தரவு பண்ணாத. அவரு கொஞ்சம் கண்ணசரட்டும்."

லென் தூங்கவில்லை. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போதும் அவர் கண் அந்த நாற்காலி மேலேயே இருந்தது.

மறுநாள் நாலு மணிக்குப் பெரில் வந்ததும் ஹேசல் பிஸ்கட் டப்பாவோடு கிளம்பினாள். வழியெல்லாம் மெஷின் உறுமிக்கொண்டே வந்தது. இந்த முறை அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டதே.

முதலில் கேட்டுக்குப் பக்கத்துக் குழி. மோதிரத்தை எடுத்து மண் மேல் வைத்தாள். கையை எடுத்துவிட்டு, ஏதோ தோன்றி, தட்டை அதன் மேல் கொண்டுபோனாள்.

சத்தமே இல்லை.

கண் முன்னால் கிடக்கிறது மோதிரம். தங்கம். தட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. மறுபடி வீசினாள். மெஷின் வாயே திறக்கவில்லை. அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி... யாரோ ஏற்கெனவே எடுத்துக்கொண்ட மாதிரி.

மண்ணைத் தள்ளி மூடினாள். அடுத்த குழியில் தொப்பிச் சின்னம். வைத்தாள், வீசினாள். சத்தம் இல்லை. அடுத்ததற்கு நடந்தாள்.

அந்தக் குழியில் வைப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. வெள்ளி மூடி. அது அருங்காட்சியகத்தில், யாரோ ஒரு அதிகாரியின் மேசை மேல், பிளாஸ்டிக் பையில் கிடந்தது.

தன் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். திருகினாள். எச்சில் தடவி இழுத்தாள். சோப்புத் தண்ணீரிலேயே ஊறிப் பருத்த கணு. தோல் கிழிந்து ரத்தம் வந்ததே தவிர மோதிரம் அசையவில்லை. கோட்டுப் பைகளைத் துழாவினாள். ஒரு பவுண்டு நாணயம் இருந்தது. வைத்தாள். தட்டை அதன் மேல் வீசினாள்.

கணீரென்றது. எடுத்துக்கொள்ளப்படவில்லை.

"அதுதான் வேணும்னா கொஞ்சம் பொறு" என்றாள். "என்கிட்ட இல்ல. மாசக் கணக்காகும்னாங்க. வந்ததும் நானே கொண்டாந்து வெக்கிறேன்."

 உறுமல் கேட்கவில்லை. மிச்சக் குழிகளில் கொக்கியை வைத்தாள், பென்னியை வைத்தாள், கடைசியாக ஓக் மரத்தடியில் பொத்தானை வைத்தாள். எதுவும் சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் மூடினாள்.

திரும்பி நடந்தாள். வீச்சு. அடி. அமைதி. இடப்பக்கம் அமைதி. வயல் முழுக்க அமைதி. ஒத்துக்கொண்டது என்றுதான் நினைத்தாள். ரப்பர் பூட்ஸில் அப்பிய களிமண் காலைக் கீழே இழுத்தது. வீட்டுக்குப் போய் ஒரு டீ குடிக்க வேண்டும், லென்னிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், உன்னைப் போய் இத்தனை வருடம் சந்தேகப்பட்டேனே என்று சொல்ல வேண்டும்...

கேட்டைத் திறந்து அந்தப் பக்கம் அடி வைத்தாள்.

இடப்பக்கம் உறுமியது. கரகரவென்று.

ஹேசல் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னோர் அடி வைத்தாள்.

பிறகு வலப்பக்கம் உறுமியது.

அது கரகரப்பு இல்லை. ஒரே வெட்டாக, குட்டையாக ஒரு உறுமல். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். முதல் வாரம் முழுக்கக் கேட்ட சத்தம். முனையில் இரும்பு வைத்த லென்னின் பூட்ஸ்.

அவள் காலில் ரப்பர் பூட்ஸ்தான் இருந்தது.

கோட்டுப் பையில் போன் அடித்தது. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எடுத்தாள். பெரில். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை.

"ஹேசல்... சீக்கிரம் வாயேன்... நான் டீ போடத்தான் எழுந்து போனேன். ரெண்டே நிமிஷம்... வந்து பாத்தா லென்..."

"தெரியும் பெரில்" என்றாள் ஹேசல். குரலில் பதற்றம் இல்லை. களைப்பு மட்டும்தான். "அழாத. இதோ கேட்டைத் தாண்டிட்டேன். கூடத்தான் வர்றாங்க."

பெரில் க்ளைவிடம் சொன்னாள். க்ளைவ் என்னிடம் சொன்னான். லென்னுக்கு நாள் குறித்தாகிவிட்டது, எல்லோருக்கும் தெரிந்ததுதான், துக்கத்தில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள். பெரில் அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறாள். ஒரே ஒரு வார்த்தைதான் அவளை இன்றைக்கும் தூங்கவிடுவதில்லை.

லென் ஒருவரைப் பற்றிப் பேசும்போது ஹேசல் எப்போதும் 'வர்றாரு', 'போறாரு' என்றுதான் சொல்வாள். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

'வர்றாங்க' என்றாள்.